லாயத்துக்கு ஒரு குழந்தை வண்டி

என் அக்கா எதை வாங்கப் போனாலும் முதலில் அதன் காலைத்தான் பார்ப்பாள். நாற்காலி, கட்டில், துணி காயப்போடும் ஸ்டாண்டு, எதுவானாலும் சரி. குனிந்து, ஒவ்வொரு காலாகத் தொட்டு அழுத்தி, கொஞ்சம் தள்ளி நின்று அது எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் கண் மேலே போகும். குதிரைகளோடு பழகியவர்களுக்கு இது ஒட்டிக்கொண்டுவிடும் என்று மாமா சொல்வார். மாமா என்பது அக்காவின் கணவர், குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். அவருக்கும் அதே வியாதிதான். ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதனால் குழந்தைப் பொருட்கள் விற்கும் அந்தப் பெரிய கடையில், முகம் தெரியும் அளவுக்குத் துடைத்த தரையில் அக்கா மண்டியிட்டு ஒரு தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டை கட்டிய விற்பனையாளருக்குத்தான் பதறியது.

"மேடம், மேல பாருங்க. சீட்டு, குஷன், கலரு..."

"அது இருக்கட்டும் சார். இந்தச் சக்கரம் ஏன் இப்படி ஆடுது?"

"ஆடல மேடம், சுத்தும். எந்தப் பக்கம் வேணாலும் திரும்பும். மால்ல, லிஃப்ட்ல எல்லாம் ரொம்ப வசதி."

"நாங்க மாலுக்கே போறதில்லையே."

"அப்ப எங்க ஓட்டப் போறீங்க?"

அக்கா நிமிர்ந்தாள். "ஜல்லி, சேறு, மரவேரு, சாணி. மழை பெஞ்சா கணுக்கால் வரைக்கும் தண்ணி."

அவர் என் பக்கம் திரும்பி, "இவங்க என்ன வேலை பாக்குறாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"குதிரை ஏறக் கத்துக்கொடுக்குறாங்க."

அதற்குப் பிறகு அவர் எங்களிடம் நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

எங்கள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். அந்தத் தகுதியால்தான் வண்டி தேடும் வேலை என் தலையில் விழுந்தது. "படிச்சவ நீதான, எது நல்லதுன்னு பாத்து சொல்லு," என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் செய்த படிப்புக்கும் குழந்தை வண்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. சில நாட்கள் உட்கார்ந்து வாசித்தேன், காணொளிகள் பார்த்தேன், வாங்கியவர்களின் புலம்பல்களை எல்லாம் படித்தேன். இதே மாதிரிதான் வேலைக்கான விளம்பரங்களையும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்ணில் படும். குறை உண்மையில் இருக்கிறதா, அல்லது முடிவெடுக்கும் பயத்தில் நானே உண்டாக்கிக்கொள்கிறேனா என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

அக்காவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அப்பா வைக்கோல் லாரி ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் அக்கா லாரியில் தொற்றிக்கொண்டு குதிரை லாயத்துக்குப் போவாள். அப்பா வைக்கோலை இறக்கி முடிப்பதற்குள் இவள் ஏதாவது ஒரு குதிரையின் பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருப்பாள். படிப்பு முடிந்ததும் நேராக அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். வேறு யாரும் ஏற விரும்பாத குதிரைகளில்தான் ஏறக் கற்றுக்கொண்டாள். சாலையைக் கடக்கும்போது என் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அதைப் பார்த்துதான் தெருவில் இருந்தவர்கள் அவளுக்கு லகான் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். லாயத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவள் தைரியசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது சரியான சொல்லாகப் படவில்லை. அவள் பயப்படுகிறவர்களோடு பொறுமையாக இருக்கத் தெரிந்தவள். முதன்முதலாகக் குதிரை ஏற வருகிறவர்களுக்குப் பயத்தில் சிரிப்பு வரும். அவர்களிடம் அவள், "பயமா இருக்கா? நல்லது. குதிரைக்கும் உங்களப் பாத்தா பயம்தான். ரெண்டு பேரும் மெதுவா பழகிக்கோங்க," என்பாள். ஆரம்ப வகுப்பு என்றால் லகான்தான் என்று கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

வயிற்றில் குழந்தை இருப்பது தெரிந்த அன்றே, யாரும் சொல்லாமல், குதிரையிலிருந்து இறங்கினாள். பிறகு கொஞ்ச காலம் சேணங்களைத் துடைத்தாள், கடிவாளங்களுக்கு எண்ணெய் போட்டாள். குழந்தை பிறந்த பிறகு வீடு. மூன்றாவது மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். ஒருநாள் நான் போனபோது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தபடி, "இன்னிக்கு தரை வழுக்கும், யாரும் ஓட்டாதீங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே ஓட்டுவதற்கு யாரும் இல்லை.

லாயத்தின் உரிமையாளரை எல்லோரும் கர்னல் என்போம். அந்த அம்மா எந்தப் படையிலும் இருந்ததில்லை. நடையும் குரலும் அப்படி. அக்கா அவரிடம் போய், வகுப்பு எடுக்க வருகிறேன், ஆனால் குழந்தை இன்னும் பால் குடிக்கிறாள், கூட்டிக்கொண்டுதான் வர முடியும் என்றாள். பார்த்துக்கொள்ள நான் இருப்பேன் என்றும் சொன்னாள். வேலை கிடைக்காமல் இருப்பதில் எனக்குக் கிடைத்த முதல் பெருமை அது.

கர்னல் யோசித்தார். "குழந்தை வரட்டும். அது தூங்குறதுக்கு ஒரு வண்டி வருமே, அதத்தான் நெனைக்கிறேன். என் குதிரை வண்டியப் பாத்து மிரண்டு, மேல இருக்குறவன் கீழ விழுந்தா?"

"பழக்கிடுறேன் மேடம்."

"அடுத்த மாசம் ஆரம்ப வகுப்பு. அதுக்குள்ள பழக்கு. இல்லேன்னா நெட்டையன் வர்றேங்கறான், அவனுக்குக் குடுத்துடுவேன். ஒரு தடவ குடுத்தா குடுத்ததுதான், பாதியில புடுங்க மாட்டேன்."

நெட்டையன் பந்தயங்களில் ஓட்டுகிறவர், திறமைசாலி. ஆனால் புதியவர்களிடம் கத்துவார். வந்தவர்களில் பாதிப் பேர் மறுவாரம் வர மாட்டார்கள்.

ஆக, அந்தக் கடையில் நாங்கள் தேடியது குழந்தைக்கு ஒரு வண்டி மட்டும் அல்ல.

விற்பனையாளர் முதலில் காட்டியது நான்கு பெரிய சக்கரங்களும் வெள்ளிக் கம்பிகளுமாக ஒரு ராஜ வண்டி. அக்கா அதை ஒருமுறை சுற்றி வந்தாள். "பாக்க நல்லா இருக்கு. ஒரு பள்ளம் வந்தா முறைச்சுக்கிட்டு நிக்கும்." அடுத்தது ஒரே கையால் மடக்கக்கூடிய இலேசான வண்டி. கூட வந்திருந்த மாமா அதைத் தூக்கி, "காத்தடிச்சா இது நமக்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடும்," என்றார். மூன்றாவது, நான் படித்துத் தேர்ந்து வைத்திருந்தது. மூன்று சக்கரம், காற்றடைத்த தடித்த டயர், அடியில் ஸ்பிரிங். முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டிவிடலாம். ஓடுகிறவர்களுக்காகச் செய்தது.

மாமா சக்கரம் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். குளம்பைத் தட்டிப் பார்க்கும்போதும் அப்படித்தான் கேட்பார்.

"என்ன மாமா சொல்லுது?"

"ரப்பருன்னு சொல்லுது," என்றார்.

அக்கா வண்டியை வெளியே கொண்டுபோக வேண்டும் என்றாள். வெறும் வண்டியாக அல்ல, பாரத்தோடு. விற்பனையாளர் உள்ளே போய் விளம்பரத் தாள் கட்டுகள் சிலவற்றைத் தூக்கி வந்தார். அக்கா அவற்றை இருக்கையில் வைத்து, பட்டைகளைப் போட்டு இறுக்கி, வாகனம் நிறுத்தும் இடத்தில் ஓட்டம் எடுத்தாள். ஓரக் கல்லில் ஏற்றினாள், இறக்கினாள். பக்கத்தில் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த ஜல்லியில் விட்டாள். காவலாளி எழுந்து நின்று பார்த்தார்.

"உங்க அக்கா குழந்தைய வச்சும் இப்படித்தான் ஓட்டுவாங்களா?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"குழந்தைய வச்சு ஓட்டக் கூடாதுன்னுதான் இப்ப ஓட்டுறாங்க," என்றேன்.

மூச்சு வாங்க, முகம் சிவந்து திரும்பி வந்தாள். அந்த முகத்தை நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. "பிடிய லேசா அழுத்தினா முன்னங்கால தூக்குதுடி," என்றாள். வண்டிக்கு முன்னங்கால் இல்லை என்று யாரும் திருத்தவில்லை.

விற்பனையாளர் கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் காட்டிவிட்டு, கைப்பிடியில் தொங்கிய ஒரு பட்டையை எடுத்தார். "தள்ளும்போது இத மணிக்கட்டுல மாட்டிக்கணும். இறக்கத்துல கை நழுவினாலும் வண்டி போகாது."

அக்காவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கையில சுத்திக்கிறதா?" என்றாள் அக்கா.

"ஆமா மேடம். பாதுகாப்புக்கு."

"அது வேணாம்."

கயிற்றையோ கடிவாளத்தையோ கையில் ஒருபோதும் சுற்றாதே. லாயத்தில் யார் காலெடுத்து வைத்தாலும் அக்கா சொல்லும் முதல் பாடம் அது. குதிரை திமிறி ஓடினால் சுற்றிய கை அதோடு போகும், கையோடு ஆளும் போவான். விட வேண்டிய நேரத்தில் விடத் தெரிய வேண்டும். மாமாவின் நண்பர் ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லாததற்குக் காரணமும் ஒரு கயிறுதான்.

"அக்கா, இது குதிரை இல்லையே," என்றேன்.

"இழுக்கிறதெல்லாம் குதிரைதான், பட்டதாரி."

வீட்டுக்கு வந்ததும் மாமா குளம்பு சீவும் கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பு. பட்டை தரையில் விழுந்தது. நான் படித்த எல்லாப் பக்கங்களிலும் அந்தப் பட்டையைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆனால் எழுதியவர்களில் யாரும் குதிரையிலிருந்து விழுந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. யாருடைய அறிவை நம்புவது என்று எனக்குப் புரியவில்லை.

லாயத்தில் பழக்கம் தொடங்கியது. குழந்தை என் இடுப்பில், சேண அறையில் இருந்தாள். வண்டியில் ஒரு சிறிய தீவன மூட்டை. புதுக் குதிரையின் முதுகில் மனிதன் ஏறுவதற்கு முன்னால் எப்போதும் மூட்டையைத்தான் ஏற்றுவார்கள். அதே வழக்கம் இங்கேயும். குதிரைகள் பார்க்கப்போவதைப் போலவே இருக்கட்டும் என்று மூட்டையின் தலையில் குழந்தையின் மஞ்சள் தொப்பியை மாட்டினாள் அக்கா. பட்டைகளை இறுக்கினாள். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே ஒரு குண்டுக் குழந்தை உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

முதலில் தூரத்தில் நிறுத்தினாள். பிறகு கொஞ்சம் அருகில். ஒரு பழுப்புக் குதிரை வந்து வண்டியின் கூரைத் துணியைத் தின்ன முடியுமா என்று பார்த்தது. மற்றவை சீக்கிரமே அலுத்துப்போயின. சீமாட்டி மட்டும் ஒப்பவில்லை. சாம்பல் நிறப் பெண் குதிரை. ஆரம்ப வகுப்புக்கு அவள்தான் தூண். யார் ஏறினாலும் சுமப்பாள், ஆனால் புதிதாக எதைப் பார்த்தாலும் மூக்கு விடைத்து நிற்பாள். அக்கா அவசரப்படவில்லை. சில நாட்களில் சீமாட்டி வண்டிக்குப் பக்கத்திலேயே புல் தின்றாள்.

"முடிஞ்சது. இனி நடையில பாத்துடலாம்," என்றாள் அக்கா.

முற்றத்திலிருந்து பயிற்சி மைதானத்துக்குப் போகும் பாதை சரிவானது. சரிவின் அடியில், பாதை திரும்பும் இடத்தில், குதிரை லத்திக் குவியல். அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். எதிரே மாமா சீமாட்டியைக் கயிற்றில் பிடித்து மேலே நடத்தி வந்தார். நான் சேண அறை வாசலில் குழந்தையோடு நின்றேன். இருவரும் ஒருவரையொருவர் கடக்கப்போகும் நேரத்தில் காற்று வண்டியின் கூரையைப் பிடித்து மடக்கியது. சடக்கென்று ஒரு சத்தம்.

சீமாட்டி தலையைத் தூக்கிப் பின்வாங்கினாள். அடுத்த கணம் அக்காவின் இரண்டு கைகளும் சீமாட்டியின் தலையில் கட்டியிருந்த வாரில் இருந்தன. "ஓ, ஓ, ஒண்ணுமில்லடி," என்று குரல் தணிந்து வந்தது. பத்திரமான, பழகிய கைகள். ஆனால் அவை வண்டியில் இல்லை.

வண்டி போனது. முன்சக்கரம் பூட்டியிருந்ததால் கோடு போட்டதுபோல நேராகப் போனது. மஞ்சள் தொப்பி குலுங்கிக் குலுங்கிச் சிறிதாகிக்கொண்டே போனது. என் கையில் இருந்த குழந்தையை நான் இறுக்கியதில் அவள் சிணுங்கினாள். வண்டி ஒரு கல்லில் எகிறி, இறங்கி, லத்திக் குவியலில் முகம் புதைத்து நின்றது.

முதலில் அமைதியானது சீமாட்டிதான்.

அக்கா ஓடவில்லை, நடந்து போனாள். மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது, பட்டைகள் அசையவில்லை. தொப்பி மட்டும் கீழே கிடந்தது. அதை எடுத்துத் தட்டினாள். தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு மேலே வந்து என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, குதிரை ஏறுவதற்காகப் போட்டிருக்கும் மரப்படியில் உட்கார்ந்தாள். குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள்.

கர்னல் அலுவலக ஜன்னலில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் வருவதைக் கண்டதும் அக்கா எழுந்து, "மேடம், வகுப்ப நெட்டையனுக்கே குடுத்துடுங்க," என்றாள்.

"ஏன்?"

"பாத்தீங்கல்ல."

"பாத்தேன். வண்டியில மூட்டை வச்சது யாரு யோசனை?"

"யோசனை என்ன மேடம், எப்பவும் முதல்ல மூட்டைதான."

"எதுக்கு வைக்கிறோம்?"

அக்கா தொப்பியில் ஒட்டியிருந்த வைக்கோலைக் கிள்ளி எடுத்தாள்.

"இப்படி ஆகுறதுக்குத்தான் வைக்கிறோம். ஆயிடுச்சு. மூட்டைக்கு ஒண்ணும் ஆகல. அப்ப நீ சரியாத்தான பண்ணியிருக்க." கர்னல் சரிவைப் பார்த்தார். "எது தப்பாச்சுன்னு கண்டுபுடி. புடிச்சுட்டு வந்து சொல்லு, அப்புறம் குடுக்கலாமா வேணாமான்னு நான் முடிவு பண்றேன். நீ எனக்கு முடிவு சொல்லாத." போகும்போது திரும்பி, "அதக் கழுவு. கடைக்காரன் பாத்தா அழுதுடுவான்," என்றார்.

மறுநாள் அக்கா வீட்டில் எல்லாவற்றையும் குற்றம் சொன்னாள். காற்று, சரிவு, கூரைத் துணி, வேறு பாதை போடாத கர்னல். "கைப்பிரேக்க பிடிச்சிருக்கலாம்," என்றாள். "பிடிக்க அங்க கை எங்க இருந்துச்சு?" என்றார் மாமா.

எனக்கு ஒன்று தோன்றியது. சொல்லலாமா என்று யோசித்தேன். குதிரையின் முதுகில் சேர்ந்தாற்போல பத்து நிமிடம் உட்காராத நான் இவளுக்கு என்ன சொல்வது? பிறகு, சொல்லாமல், செய்து பார்க்கலாம் என்றேன். சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் போகும் நடைக்கூடம்தான் சரிவுப் பாதை. அக்கா வண்டியைத் தள்ளினாள். மாமா ஒரு குடையோடு காற்றாக ஒளிந்துகொண்டார். நான் சீமாட்டி.

"சீமாட்டி இவ்ளோ நல்லா கனைக்க மாட்டா," என்றார் மாமா.

"நீங்க காத்து. காத்து பேசாது."

குடை விரிந்தது. நான் தலையைத் தூக்கினேன். அக்காவின் கைகள் என் கழுத்துக்கு வந்தன. மறுபடி செய்தோம். மறுபடியும் என் கழுத்து. குடை எப்போது விரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தோம். அப்போதும் ஒரு கை வந்துவிட்டது. குழந்தை பாயில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கட்டத்தில் அக்காவும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"கை கேக்க மாட்டேங்குது," என்றாள். "குதிரை மிரண்டா போகத்தான் செய்யும். போகலேன்னா நான் அங்க வேலை பாக்கவே லாயக்கில்ல."

"அப்ப?" என்றார் மாமா.

அவள் வண்டியின் பிடியைத் தடவினாள். "அப்ப ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது. குதிரைகிட்ட இருக்கும்போது நான் வண்டியத் தொட மாட்டேன். வண்டியத் தள்ளுறவங்க குதிரையத் தொடக் கூடாது. குதிரை என்ன பண்ணினாலும் சரி, யாரு கீழ விழுந்தாலும் சரி." என்னைப் பார்த்தாள். "நான் விழுந்தாலும்."

"சரி," என்றேன். சொல்வதற்குச் சுலபமாக இல்லை.

"அந்தப் பட்டையும் வேணும்," என்றாள், யாரோ பல்லைப் பிடுங்குவது போல.

அறுத்ததை ஒட்ட முடியாது. மாமா பழைய கடிவாளத் தோலை வெட்டி, சேணம் தைக்கும் மெழுகு நூலால் புதிதாக ஒன்று தைத்தார். அதை முதன்முதலாக மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வீட்டு நடைக்கூடத்தில் தள்ளியபோது அக்காவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவள் உடம்பு முழுக்க அது தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் தள்ளினாள். தினமும் தள்ளினாள். கடைக்குப் போகும்போது, துணி எடுத்துவரப் போகும்போது, சும்மா தெருவைச் சுற்றும்போது. பயப்படுகிறவர்களிடம் அவள் காட்டும் அதே பொறுமையைத் தன்னிடமும் காட்டினாள் என்றுதான் நினைக்கிறேன். நான் என்னிடம் அப்படி இருந்ததாக நினைவில்லை.

கர்னலிடம் போய்ச் சொன்னாள். கர்னல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிவுல வண்டி வேணாம். சுத்திக்கிட்டு பின்வாசல் வழியா வரட்டும். இத நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்," என்றார். அவர் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

ஆரம்ப வகுப்பு நாள் வந்தது. மேகமூட்டமாக இருந்தது, மழை இல்லை. வந்தவர்களில் ஒரு கணக்காளர், ஹெல்மெட்டைப் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு தாயும் மகளும். பேருந்து ஓட்டுநர் ஒருவர், "இதுக்கு பிரேக்கு எங்கம்மா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டார். அக்கா எல்லோரையும் நடக்க விட்டு, குதிரைகளின் வாசம் பிடிக்க விட்டு, பிறகு ஏற்றினாள். கடைசியில் சீமாட்டியின் மேல் அவளே ஏறினாள். குழந்தை பிறந்த பிறகு வகுப்பு நடுவில் அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை. ஏறி உட்கார்ந்ததும் தோள்கள் இறங்கி, முதுகு நிமிர்ந்து, யாரோ அவளைச் சரியான அலமாரியில் திருப்பி வைத்தது போல இருந்தது.

நான் வேலிக்கு வெளியே, சமதரையில் நின்றேன். கால்பிரேக் போட்டிருந்தது, பட்டை என் மணிக்கட்டில் இருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு, கையில் இருந்த மரக் கிலுகிலுப்பையை வேலிக் கம்பியில் எறிந்தாள். டங்கென்று சத்தம். அதைவிடப் பெரிய சத்தமாக, தான் செய்ததை நினைத்து ஒரு கூச்சல் போட்டாள்.

சீமாட்டியின் காதுகள் எங்கள் பக்கம் திரும்பின. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். என் கால்கள் வேலியை நோக்கிப் போகத் துடித்தன. போகக் கூடாது. அக்காவும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. தன் குழந்தையின் குரல் அது, ஆனாலும் அவள் கண் சீமாட்டியின் இரண்டு காதுகளுக்கு நடுவே, போக வேண்டிய திசையிலேயே இருந்தது. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்கள் அந்த மைதானத்தில் இரண்டு பேர்தான். இன்னொருவர் லாடப் பெட்டியோடு மூலையில் நின்றுகொண்டு, சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

சீமாட்டி மூச்சை விட்டுவிட்டு நடந்தாள்.

"பயந்துடுச்சாங்க?" என்று கணக்காளர் கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"பயப்படல. கேட்டுச்சு, அவ்ளோதான். நீங்களும் கேளுங்க, ஆனா கீழ பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க."

"போக வேண்டிய இடம் எதுன்னே தெரியலையே."

"அந்தக் கம்பம். அதுக்கு அப்புறம் என்னன்னு அங்க போய் பாத்துக்கலாம்."

வகுப்பு முடியும் நேரத்தில் கர்னல் என் பக்கத்தில் வந்து நின்றார். வண்டியின் டயரைப் பூட்ஸ் நுனியால் அழுத்திப் பார்த்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. "உங்க அக்காகிட்ட சொல்லு," என்றார், "அடுத்த மாசத்துக்கும் அவ பேரத்தான் போட்டிருக்கேன். நான் சொன்னா மூஞ்சிய வச்சுக்கத் தெரியாம நிப்பா."

நான் சொன்னபோது அக்கா சீமாட்டியின் மேலேயே இருந்தாள். சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு, இன்னும் நேரம் இருக்கிறது, லாயத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டுப் பாதையில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று தன் மாணவர்களிடம் சொன்னாள். "நீயும் வா. நல்லா தூரம் விட்டு, பின்னாடி வா," என்றாள் என்னிடம்.

மரங்களுக்கு நடுவே பாதை ஈரமாக இருந்தது. குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பேருந்து ஓட்டுநர் யாரிடமோ ஹாரன் எங்கே என்று கேட்டது வரைக்கும் காதில் விழுந்தது. பாதை வளையும் இடத்தில் அக்காவின் முதுகும் மறைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஒரு இலை விழுவதைப் பார்த்தாள்.

நான் பிரேக்கை எடுத்துவிட்டு, அவர்கள் போன வழியில் தள்ளத் தொடங்கினேன்.